உணரி (சென்சார்) பொருத்திய செயற்கை மூட்டு வேண்டுமா என்று முடிவெடுப்பது எப்படி?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களில் சிலரிடம் அமெரிக்காவில் சில ஆண்டுகளாக ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கப்படுகிறது. உள்ளே வைக்கப்போகும் மூட்டு உங்கள் நடையை அளந்து சொல்லும் வகையாக இருக்கட்டுமா என்பதே அது. ஜிம்மர் பயோமெட் நிறுவனம் கேனரி மெடிக்கலுடன் சேர்ந்து உருவாக்கிய பெர்சோனா ஐக்யூ என்ற மூட்டுக்கு அந்நாட்டின் உணவு மருந்து நிர்வாகம் 2021 ஆகஸ்டில் அனுமதி அளித்தது. இப்படியொரு மூட்டு உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ பரிந்துரைக்கப்பட்டால் எதைக் கேட்டுத் தெளிய வேண்டும் என்பதற்கே இந்த வழிகாட்டி.

முதலில் கேட்க வேண்டியது, அது விசையை அளக்கிறதா, அசைவை அளக்கிறதா என்பதுதான். இரண்டும் வேறு வேறு. மூட்டின் மேல் விழும் விசையை உள்ளிருந்தே அளக்கும் முயற்சி புதிதல்ல. சுவீடனில் ரிடெல் என்பவர் 1960களிலேயே இடுப்பு மூட்டில் அதைச் செய்தார். பின்னர் பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் கேயார்க் பெர்க்மான் குழுவினர், அளவிடும் கருவி பொருத்திய இடுப்பு மூட்டுகளைச் சில நோயாளிகளுக்கு வைத்து, அவர்கள் நடக்கும்போதும் படியேறும்போதும் ஏற்படும் விசையைப் பதிவு செய்தார்கள். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் சாதாரணமாக நடந்தாலே இடுப்பு மூட்டில் உடல் எடையைப் போல ஏறத்தாழ 2.4 மடங்கு விசை விழுகிறது. அதாவது 60 கிலோ எடையுள்ளவரின் மூட்டு ஒவ்வொரு அடிக்கும் 140 கிலோவுக்கு மேல் தாங்குகிறது. கால் இடறித் தடுமாறும் நொடியில் அது 8 மடங்கையும் தாண்டியது. ஆனால் அவை ஆராய்ச்சிக்காகச் சிலருக்கு மட்டும் வைக்கப்பட்டவை. இன்று விற்பனைக்கு வந்துள்ள முழங்கால் மூட்டு அசைவை மட்டுமே அளக்கிறது: எத்தனை அடி நடந்தீர்கள், எவ்வளவு வேகம், ஓர் அடியின் நீளம் என்ன, கீழ்க்கால் எவ்வளவு தூரம் வீசி ஆடுகிறது என்பவையே அதன் கணக்கு.

ஆகவே அதனால் தெரியாதவற்றையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வலி எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. சீழ் பிடித்திருக்கிறதா, மூட்டு எலும்பிலிருந்து தளர்ந்திருக்கிறதா என்பதையும் அது நேரடியாகச் சொல்லாது. சிகிச்சை முடிவுகளை இந்தத் தரவை வைத்து எடுப்பதற்கில்லை என்ற வரையறையோடுதான் அனுமதியே வழங்கப்பட்டது. விளம்பரப் படங்களில் இந்த வரி பெரிய எழுத்தில் இருப்பதில்லை.

அடுத்து, உணரி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். இந்த மூட்டில் அது கீழ்க்காலின் பெரிய எலும்புக்குள் இறங்கும் ஒரு தண்டில், சுண்டுவிரல் அளவு இடத்தில், பேட்டரியோடு சேர்ந்து அடங்கியுள்ளது. வழக்கமான முழங்கால் மாற்றில் பலருக்கு இந்த நீட்டிப்புத் தண்டு தேவைப்படுவதே இல்லை. உணரிக்காக மட்டும் என் எலும்பைக் கூடுதலாகக் குடைய வேண்டியிருக்குமா, பின்னாளில் மூட்டை மாற்ற நேர்ந்தால் அந்தத் தண்டை எடுப்பது எவ்வளவு கடினம் என்ற இரண்டையும் அறுவை சிகிச்சை நிபுணரிடம் நேராகவே கேட்கலாம், கேட்பதில் தவறில்லை. பேட்டரி தீர்ந்துபோனாலும் மூட்டு மூட்டாகவே வேலை செய்யும், அளவீடு மட்டுமே நின்றுபோகும். பேட்டரியை மட்டும் வெளியிலிருந்து மாற்றும் வழி கிடையாது.

மூன்றாவது கேள்வியைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கருதுகிறேன்: இந்த எண்களை யார் பார்ப்பார்கள்? படுக்கையருகே வைக்கும் ஒரு சிறு பெட்டி, இரவில் நீங்கள் தூங்கும்போது உள்ளிருக்கும் உணரியோடு பேசி, அன்றைய பதிவை இணையம் வழியாக அனுப்புகிறது. அனுப்பிய பிறகு மருத்துவமனையில் அதைத் தினமும் திறந்து பார்க்க ஒருவர் இருக்கிறாரா, நடை திடீரெனக் குறைந்தால் உங்களை அழைப்பது யார் என்று பெயரோடு கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால், அந்த உணரி உங்களுக்குப் பெரிதாக உதவப்போவதில்லை.

யாராவது பார்த்தாலும், எண் மட்டும் போதாது. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய நான்காம் வாரத்தில் உங்கள் நடை மூன்று நாள் தொடர்ந்து பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அது அடைமழையாக இருக்கலாம், வீட்டுக்கு வந்த விருந்தாளிகளாக இருக்கலாம், தையல் போட்ட இடம் சிவந்து கசியத் தொடங்கியதாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் நடையைக் காட்டும் வரைகோடு ஒரே மாதிரிதான் இறங்கும். எனவே ஒரு நாற்பது பக்க நோட்டில் நாள்தோறும் நான்கு வரி எழுதிவையுங்கள்: காய்ச்சல் எவ்வளவு, வீக்கம் கூடியதா குறைந்ததா, புண்ணில் கசிவு உண்டா, பிசியோதெரபி பயிற்சியில் எதைச் செய்ய முடியவில்லை. காய்ச்சலோ கசிவோ இருந்தால், வரைகோடு எப்படி இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

செலவையும் பிரித்துக் கேளுங்கள். இந்தியாவில் 2017 ஆகஸ்டில் முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை நிர்ணயிக்கப்பட்டபோது, கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு ஜிஎஸ்டி நீங்கலாக 54,720 ரூபாய் என்று வைத்தார்கள். அந்த வகைப்பாடு பெரும்பாலும் உலோகத்தைப் பொறுத்தது. மூட்டுக்கு எவ்வளவு, உணரிக்கு எவ்வளவு, பெட்டிக்கும் மென்பொருளுக்கும் பின்னால் ஏதேனும் கட்டணம் உண்டா என்று எழுத்தில் வாங்குவது நல்லது. தரவு எந்த நாட்டில் சேமிக்கப்படுகிறது, ஒப்புதலைத் திரும்பப் பெற முடியுமா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே படியுங்கள்.

காத்திருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. வரும் ஆண்டுகளில் உணரியின் பயன் மூட்டைவிட எலும்பு முறிவில்தான் முதலில் தெளிவாகத் தெரியும் என்பது என் கணிப்பு. காரணம் எளிது. முறிந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்க பிளேட் எனும் உலோகத் தகட்டை வைத்ததும் தொடக்கத்தில் சுமையின் பெரும்பகுதியைப் பிளேட்டே தாங்கி, ஒவ்வோர் அடிக்கும் மிக நுட்பமாக வளைகிறது. எலும்பு கூடக்கூட சுமை எலும்புக்கு மாறி, பிளேட்டின் வளைவு குறைந்துகொண்டே வருகிறது. அந்த வளைவை அளந்தாலே எலும்பு கூடுகிறதா என்று தெரிந்துவிடும். எக்ஸ்ரேயில் புது எலும்பு நிழலாகத் தெரியும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரிலுள்ள ஏஓ ஆராய்ச்சி நிறுவனம் பிளேட்டின் மேல் பொருத்தும் அளவிடும் கருவியை இதே கொள்கையில் உருவாக்கியுள்ளது. ஜெர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழகக் குழுவோ, அளப்பதோடு நில்லாமல் சூடேறினால் பழைய வடிவுக்குத் திரும்பும் வடிவ நினைவு உலோகக் கம்பிகளால் முறிவிடத்தை மெல்ல அசைத்துக் கூடலைத் தூண்டும் பிளேட்டுக்கு முயல்கிறது. இருப்பினும் இன்றே வலியால் படியேற முடியாதவர், இவற்றுக்காக மூட்டு மாற்றைத் தள்ளிப்போட வேண்டாம்.

எந்த மூட்டை வைத்தாலும், வீடு திரும்பும் நாளில் அதன் அடையாள அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனம், மாதிரி, வரிசை எண் ஆகியவற்றோடு, எம்ஆர்ஐ எந்த நிபந்தனைகளில் எடுக்கலாம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். அட்டையை ஒரு படம் எடுத்து உங்கள் கைபேசியிலும் பிள்ளைகளில் ஒருவரின் கைபேசியிலும் வைத்திருங்கள்; எம்ஆர்ஐ அறையின் வாசலில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.