இலகுவான ட்ரவுட் கோலுக்கு ஏற்ற ஃப்ளை லைனைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஃப்ளை எனப்படும் போலிப் பூச்சியைக் கொண்டு தூண்டில் கோலால் ட்ரவுட் மீன் பிடிக்கும் ஃப்ளை முறையில் உண்மையில் வீசப்படுவது லைன்தான். இறகும் நூலும் சுற்றிச் செய்த சிறு பூச்சிக்கு எடை என்று சொல்லத்தக்கது ஏதுமில்லாததால், கோலை வளைப்பதும், அது நிமிரும்போது எழும் விசையை முன்னே கொண்டு செல்வதும் லைனின் எடையையே சார்ந்தவை. 2, 3, 4 ஆகிய எண்களில் வரும் இலகுவான ட்ரவுட் கோல்களில் இதற்கு இன்னும் கவனம் தேவை. ஏனெனில் கனமான கோலில் புலப்படாமலே போகும் ஒரு கிராம் வேறுபாடு, இங்கே வீச்சின் இயல்பையே மாற்றிவிடும்.

கோலின் கைப்பிடிக்கு மேலே எழுதியிருக்கும் எண், அது எந்த எண்ணுள்ள லைனுக்காகச் செய்யப்பட்டது என்பதைக் காட்டுகிறது. லைனின் எண்ணோ, நுனியில் ஒரே தடிமனாக இருக்கும் சிறு துண்டை விட்டுவிட்டு, அடுத்த 30 அடியின் எடையைக் கொண்டு தீர்மானிக்கப்படுகிறது. இந்த எடையைக் கிரெயின் என்ற அலகில் சொல்வது வழக்கம்: 2ஆம் எண்ணுக்கு 80, 3ஆம் எண்ணுக்கு 100, 4ஆம் எண்ணுக்கு 120. கிராமில் இவை முறையே ஏறத்தாழ 5.2, 6.5, 7.8 ஆகும். 6 கிரெயின் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது ஏற்கப்பட்ட வரம்பு.

கோலின் எண்ணைப் பார்த்து அதே எண்ணுள்ள லைனை வாங்கினால் போதும் என்று பலர் நினைப்பதற்கு இந்த அளவுமுறையே காரணம். ஆனால் அது 30 அடி லைன் காற்றில் இருக்கும் நிலைக்குரியது. சிற்றோடையில் இலகுவான கோலோடு நிற்பவர் அவ்வளவு லைனை வெளியே விடும் சந்தர்ப்பம் அரிது. கோலின் நுனியிலிருந்து 25 அடி தொலைவில் மீன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். லைனுக்கும் ஃப்ளைக்கும் இடையே கட்டும் மெல்லிய இழையான லீடருக்கு 9 அடியைக் கழித்தால் காற்றில் இருப்பது 16 அடி லைன் மட்டுமே. அதிலும் முன்பகுதி மெலிந்திருப்பதால், கோல் உணரும் எடை 30 அடிக்குரிய எடையில் பாதியைக்கூட எட்டுவதில்லை. ஆகவே லைனைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பெரும்பாலும் எவ்வளவு தூரத்தில் மீன் பிடிக்கிறோம் என்பதே.

விடை 25 அடிக்கு உட்பட்டதாகவும், கோல் விறைப்பான கிராஃபைட்டாகவும் இருந்தால், ஒரு எண் கூடுதலான லைனைத் தயக்கமின்றிப் பூட்டலாம். மெதுவாக வளையும் கண்ணாடியிழைக் கோலுக்கோ மூங்கில் கோலுக்கோ அப்படிச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை குறைந்த எடைக்கே வளைந்து கொடுக்கும், கூடுதல் எடை ஏறினால் சோர்ந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இப்போது விற்பனையாகும் லைன்களில் சில, விறைப்பான கோல்களுக்காகவே அரை எண்ணோ முழு எண்ணோ கனமாகச் செய்யப்படுகின்றன. பெட்டியில் கிரெயின் கணக்கு அச்சிட்டிருந்தால் அதைப் படியுங்கள், இல்லையெனில் 0.1 கிராம் வரை காட்டும் தராசில் நீங்களே நிறுத்துவிடலாம். நுனியில் ஒரே தடிமனாக இருக்கும் துண்டை விட்டு 9.14 மீட்டர் (30 அடி) அளந்து, அந்த இடத்தில் நூல் கட்டி அடையாளமிட்டு, அளந்த பகுதியைத் தளர்வான வளையமாகச் சுருட்டித் தட்டில் வையுங்கள். மீதி லைன் தட்டை இழுக்காதபடி அதே உயரத்தில் ஒரு புத்தக அடுக்கின் மேல் இருக்கட்டும். 3 என்று அச்சிட்ட லைன் 7.5 கிராம் காட்டினால், அதை 4ஆம் எண் லைனாகவே கருத வேண்டும். அதற்கும் மேலே ஒரு எண் கூட்டினால் கோல் தாங்காது.

அடுத்து வடிவம். டபுள் டேப்பர் லைன் இரு முனைகளிலும் மெலிந்து, நடுவில் ஒரே தடிமனாக ஓடும். வெயிட் ஃபார்வர்ட் லைனில் எடை முன்பகுதியில் திரண்டிருக்கும். பின்பகுதி மெல்லியதாக இருப்பதால் தூரம் போகும். 30 அடிக்குள் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே நடந்துகொள்வதால், தூரம் என்ற காரணம் சிற்றோடையில் அடிபட்டுப் போகிறது. பின்னால் மரங்கள் அடர்ந்து, லைனைப் பின்னே வீசாமல் முன்னே உருட்டி எறியும் ரோல் காஸ்ட் மட்டுமே சாத்தியமாகும் இடத்தில் நான் டபுள் டேப்பரையே விரும்புகிறேன். நீரோட்டத்துக்கு ஏற்ப லைனைத் தூக்கி மாற்றிப் போடவும் அது எளிது. ஒரு முனை தேய்ந்தால் திருப்பிச் சுற்றிக்கொள்ளலாம். ஆனால் அது ரீலில் அதிக இடம் பிடிக்கும்; சிறிய ரீலில், லைனுக்கு அடியில் சுற்றும் பேக்கிங் நூலுக்கு இடமே இல்லாமல் போகக்கூடும் என்பதால், ரீலின் கொள்ளளவை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

முன்பகுதி எவ்வளவு நீளத்துக்கு மெலிந்து செல்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. நீண்டு மெலிந்தால் விசை படிப்படியாகத் தணிந்து, சிறிய உலர் ஃப்ளை நீர்மேல் மெல்ல இறங்கும். சட்டென்று மெலிந்தால் நீருக்குள் மூழ்கும்படி எடை சேர்த்த நிம்ஃப் வகை ஃப்ளையையும் காற்றை எதிர்த்துப் புரட்டிப் போடும்.

இலகுவான கோலுக்கு மிதக்கும் லைனே போதும். மூழ்கும் லைன் பெரும்பாலும் ஏரிக்குரியது. குளிர்ந்த நீருக்கென்று செய்த மேற்பூச்சுள்ள லைனையே வாங்குங்கள். வெப்பமண்டலக் கடலுக்கான லைன் குளிர்நீரில் விறைத்து, ரீலிலிருந்து சுருள் சுருளாகவே வெளிவரும். பூச்சி விரட்டி தடவிய கையால் லைனைத் தொட்டால் மேற்பூச்சு கெட்டுவிடும்.

வாங்கிய லைனைப் புல்வெளியில், லீடர் நுனியில் கம்பளி நூல் துணுக்கைக் கட்டிச் சோதியுங்கள். நீங்கள் வழக்கமாக மீன் பிடிக்கும் தூரத்தில், கை அவசரப்படாமலேயே காற்றில் லைனின் வளைவு குறுகலாக விரிந்து துணுக்கு நேராக விழுந்தால் பொருத்தம் சரி. கோல் வளைவதே கையில் தெரியாமல், வலிந்து வீச வேண்டியிருந்தால் லைன் இலகு. கைப்பிடி வரை கோல் வளைந்து, லைனின் வளைவு அகன்று, அது குவியலாகத் தரையில் விழுந்தால் கனம் அதிகம். ஒரு எண் குறைத்து மீண்டும் பாருங்கள்.