பழைய ‘டாப் 500’ பட்டியலை வைத்து உருப்படியாக வாதாடுவது எப்படி

வாதத்தைத் தொடங்கும் முன், கையில் இருப்பது எந்த ஆண்டுப் பட்டியல் என்று பாருங்கள். அமெரிக்க இசை இதழான ‘ரோலிங் ஸ்டோன்’ வெளியிட்ட 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியல் முதலில் 2003இல் வந்தது. 2012இல் அதையே கொஞ்சம் திருத்தினார்கள். 2020இல் புதிதாக வாக்கெடுப்பு நடத்தி, பட்டியலை அடியோடு மாற்றிவிட்டார்கள். 2003இல் முதலிடத்தில் இருந்த பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ 2020இல் 24ஆம் இடத்துக்கு இறங்கியது. ஆறாம் இடத்தில் இருந்த மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ முதலிடத்துக்கு வந்தது. லாரின் ஹில்லின் ‘மிஸ்எஜுகேஷன்’ 312இலிருந்து 10க்குத் தாவியது. ஒருவர் 2003ஐயும் இன்னொருவர் 2020ஐயும் மனதில் வைத்துக்கொண்டு பேசினால், பாதிச் சண்டை அதிலேயே போய்விடும். ஒரே பதிப்பின் முதல் நூறை அச்செடுத்து நடுவில் வையுங்கள்.

பத்திரிகையின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வாதத்தை முடிக்கப் பார்ப்பவருக்கும் பதில் இருக்கிறது. பிரிட்டனின் இசை இதழ் ‘என்.எம்.இ.’ 1974இல் ‘சார்ஜன்ட் பெப்பர்’, 1985இல் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’, 1993இல் பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’, 2003இல் ஸ்டோன் ரோஸஸின் முதல் ஆல்பம், 2013இல் ஸ்மித்ஸின் ‘தி குவீன் இஸ் டெட்’ என்று முதலிடத்தை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரே இதழ், ஐந்து முடிவுகள். வாக்களித்த தலைமுறை மாறியதுதான் காரணம். ஆகவே பட்டியலை வாதத்துக்குத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக அல்ல.

கேள்வியைப் பிரித்துவிடுங்கள்

‘எனக்குப் பிடித்தது’ வேறு, ‘பட்டியலில் மேலே இருக்க வேண்டியது’ வேறு. இரண்டும் கலந்தால் யாரும் யாரையும் அசைக்க முடியாது. ஆளுக்கு ஒரு தாளில் இரண்டு பத்திகள் போட்டு, ஒன்றில் பிடித்த ஐந்தையும் மற்றதில் முக்கியமான ஐந்தையும் எழுதச் சொல்லுங்கள். பேச்சு தொடங்கும் முன்பே எழுதி வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் குரல் பெரிதாக உள்ளவரின் ரசனை மற்றவர் தாளிலும் ஏறிவிடும்.

நான்கு முதல் ஆறு பேர் இருந்தால் போதும். முக்கியமானவை என்று ஆறு பேர் ஐந்தைந்து எழுதினால் முப்பது பெயர் வரும். திரும்ப வருபவை போக இருபது மிஞ்சினாலும் அத்தனையையும் கேட்டு முடிக்க முடியாது. அறுபதுகளின் இசைத்தட்டு ஒன்றே அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஓடும். ஒரு மாலையில் முழுதாகக் கேட்டுப் பேச இரண்டு ஆல்பம்தான் தாங்கும். ஆகவே எட்டாகச் சுருக்குங்கள், நான்கு மாலைகளில் முடிந்துவிடும். இரண்டு தாள்களிலாவது இருப்பவை முதலில் உள்ளே வரட்டும். மீதி இடங்களுக்கு மட்டும் வாதம் நடக்கட்டும்.

தொகுப்பு ஆல்பங்களை என்ன செய்வது என்பதையும் அப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். 2003 பட்டியலில் 11ஆம் இடத்தில் உள்ள எல்விஸ் பிரெஸ்லியின் ‘சன் செஷன்ஸ்’ 1976இல் தொகுக்கப்பட்டது. பாடல்கள் ஐம்பதுகளின் நடுவில் பதிவானவை. 21ஆம் இடத்தில் உள்ள சக் பெரியின் ‘தி கிரேட் ட்வென்டி எய்ட்’டும் 1982இன் தொகுப்புதான். ஒற்றைப் பாடல் தட்டுகளுக்காகவே உழைத்த காலத்துக் கலைஞர்களை ஆல்பம் என்ற அளவுகோலால் அளந்தால் அவர்களுக்கு இடமே இருக்காது. அவற்றைத் தனியாக வைத்துப் பேசுவதே நியாயம்.

ஒரே ஒலியைக் கேளுங்கள்

பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். பெயர் ஒன்று, கேட்டது வேறு. பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ 1966இல் பிரிட்டனில் 14 பாடல்களோடு வந்தது. அமெரிக்காவில் 11தான், ஏனென்றால் மூன்று பாடல்கள் அதற்கு முந்தைய அமெரிக்கத் தட்டிலேயே வந்துவிட்டன. ‘ரப்பர் சோல்’ அமெரிக்காவில் 12 பாடல். பிரிட்டன் தட்டைத் திறக்கும் ‘டிரைவ் மை கார்’ அதில் இல்லை. பீச் பாய்ஸின் பிரையன் வில்சனை ‘பெட் சவுண்ட்ஸ்’ செய்யத் தூண்டியது அந்த அமெரிக்கத் தட்டுதான். ஆகவே அது குறையான பதிப்பு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1987 குறுந்தகடுகளுக்குப் பிறகு பிரிட்டன் வரிசையே பொதுவாகிவிட்டது. எதைக் கேட்கப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மோனோவா (ஒரே தடத்தில் வரும் ஒலி) ஸ்டீரியோவா (இடம், வலம் எனப் பிரித்த ஒலி) என்பதும் முக்கியம். ‘சார்ஜன்ட் பெப்பர்’ மோனோவில் ‘ஷீ’ஸ் லீவிங் ஹோம்’ வேகமாகவும் சுருதி உயர்ந்தும் ஓடும். ஸ்டீரியோவில் அதே பாடல் இழுவையாகத் தெரியும். ‘இந்தப் பாட்டு தொய்வு’ என்று ஒருவர் சொன்னால், எந்த மிக்ஸ் (ஒலிக்கலவை) என்று முதலில் கேளுங்கள். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’விலும் இதே சிக்கல் உண்டு. பதிவு இயந்திரம் மெதுவாக ஓடியதால், தட்டின் முதல் பக்கத்தின் மூன்று பாடல்களும் பல்லாண்டுகள் சற்றே உயர்ந்த சுருதியில் விற்கப்பட்டன. 1992 மறுவெளியீட்டில்தான் சரிசெய்தார்கள்.

இனிக் கருவி அமைப்பு. பாடல்களை ஒன்றின் மேல் ஒன்று கரைக்கும் கிராஸ்ஃபேடையும், வரிசையைக் கலைக்கும் ஷஃபிளையும் அணைத்துவிடுங்கள். ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ முதல் பக்கத்தில் ஒரு பாடல் அடுத்ததற்குள் இடைவெளியின்றி வழிந்து போகும். அந்த ஓட்டம்தான் அந்த ஆல்பத்தின் வாதமே. பாடல்களுக்கு நடுவே ஒரு நொடி மௌனம் விழுந்தாலும் அதன் உயிர் போய்விடும். போனஸ் பாடல்கள் வரும் முன் நிறுத்துங்கள். ‘பெட் சவுண்ட்ஸ்’ கடைசியில் நாய்கள் குரைக்க, ரயில் கடந்து போய் ஓயும். பிற்காலக் குறுந்தகட்டில் அதன் பின்னும் போனஸ் பதிவுகள் தொடரும். அப்படிக் கேட்டவர் ‘முடிவு சொதப்பல்’ என்பார், தவறு ஆல்பத்தில் இல்லை.

ஒலி அளவும் சமமாக இருக்க வேண்டும். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே காது அதைத் ‘தெளிவு’ என்றும் ‘அழுத்தம்’ என்றும் எடுத்துக்கொள்ளும். புதிய ரீமாஸ்டர்கள் (பழைய பதிவை மெருகேற்றிய மறுவெளியீடுகள்) பழையவற்றைவிடச் சத்தமாக இருப்பதால், எந்த ஏற்பாடும் செய்யாமல் கேட்டால் ரீமாஸ்டருக்கே எப்போதும் ஆதாயம். செயலியில் ஒலி சமன் வசதி இருந்தால் எல்லா ஆல்பங்களுக்கும் அதை இயக்கியே கேளுங்கள். இல்லாவிட்டால் கையால் சரிசெய்யுங்கள்.

வாதிடும் முறை

ஒரே விதி போதும்: மேலே ஏற்றச் சொல்பவர் எதைக் கீழே இறக்குவது என்றும் சொல்ல வேண்டும். ‘ஜோனி மிட்செல்லின் ப்ளூ முதல் பத்தில் வரணும்’ என்று சொல்வது எளிது. ‘கிளாஷ் குழுவின் லண்டன் காலிங்கை எடுத்துவிட்டு ப்ளூவை வை’ என்று சொல்லும்போதுதான் காரணம் தேட வேண்டிவரும்.

காரணம் காதுக்குக் காட்டக்கூடியதாக இருக்கட்டும். ‘ரிவால்வர் புரட்சிகரமானது’ என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. கடைசிப் பாடலை ஓடவிட்டு, ஏறத்தாழ முழுவதும் ஒரே கோர்டின் (சுரக் கூட்டின்) மேல் நிற்பதையும், வெட்டி ஒட்டிய டேப் சுருள்கள் பின்னால் சுழல்வதையும், பாதிக்குப் பின் பீட்டில்ஸின் ஜான் லென்னன் குரல் சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கி வழியே வருவதையும் சுட்டிக் காட்டுங்கள். மறுப்பவரும் அதே பாடலில் பதில் தேட வேண்டியிருக்கும்.

இரட்டை ஆல்பங்களுக்குத் தனி வேலை இருக்கிறது. பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பத்தில் 30 பாடல்கள், ஒன்றரை மணி நேரம். ‘பாதியை வெட்டியிருக்கலாம்’ என்பவரிடம், பக்கத்துக்கு 22 நிமிடம் என்று இரண்டு பக்கத்துக்குச் சுருக்கி எழுதித் தரச் சொல்லுங்கள். வெட்டிய பட்டியல்கள் இரண்டு ஒத்துப்போவது அபூர்வம். அந்த ஆல்பத்துக்கு அதைவிட நல்ல வக்காலத்து கிடையாது.

வாக்கும் புள்ளியும்

புள்ளிமுறையைத் தாள்களைப் பிரிக்கும் முன்பே அறிவியுங்கள், ஏனென்றால் அதுவே முடிவை மாற்றும். ஐந்து பேர், நான்கு ஆல்பம் என்று வைத்துக்கொள்வோம். மூவர் ரிவால்வரை முதலிலும் பெட் சவுண்ட்ஸை இரண்டாவதாகவும் வைக்கிறார்கள். மற்ற இருவர் பெட் சவுண்ட்ஸை முதலிலும் ரிவால்வரைக் கடைசியிலும் வைக்கிறார்கள். 4, 3, 2, 1 என்று புள்ளி கொடுத்தால் ரிவால்வருக்கு 14, பெட் சவுண்ட்ஸுக்கு 17. 10, 3, 2, 1 என்று கொடுத்தால் ரிவால்வர் 32, பெட் சவுண்ட்ஸ் 29. தாள்கள் அவையேதான், வென்றது வேறு. எல்லோருக்கும் ஓரளவு பிடித்தது வெல்ல வேண்டுமானால் முதல் முறை. சிலரின் உயிர்க் காதல் வெல்ல வேண்டுமானால் இரண்டாவது. நம் பரிந்துரை இரண்டாவது. முதல் முறையில் யாரும் கோபப்படாத ஆல்பமே மேலே வந்து நிற்கும்.

போட்டி ஆல்பத்தை வேண்டுமென்றே கடைசியில் தள்ளும் தந்திரத்தை ஒழிக்க, கேட்பதற்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக இரண்டு வாக்குத் தாள் வாங்குங்கள். ஓர் ஆல்பத்தை மூன்று இடத்துக்கு மேல் நகர்த்தியவர் காரணம் சொல்ல வேண்டும். சமநிலை வந்தால் இரண்டு ஆல்பத்திலும் மிக பலவீனமான பாடல் எது என்று அந்தந்த ஆல்பத்தின் ஆதரவாளரையே சொல்லச் சொல்லி, அந்த இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிடுங்கள். முழுதாகக் கேட்க முடிகிற பாடல் யாருடையதோ, அந்த ஆல்பத்துக்கு இடம்.