கை ஓடாதவர்கள் கட்டுரைத் தாளை நேரத்துக்குள் முடிப்பது எப்படி?

மலேசியாவில் இடைநிலைப்பள்ளியின் படிவம் ஐந்து முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வில், ஆங்கில எழுத்துத் தாளுக்கு 90 நிமிடம் தருகிறார்கள். மூன்று பகுதிகளுக்கும் கேட்கப்படும் சொற்களை மேல்வரம்பிலேயே கூட்டினாலும் 480 தான் வரும். நிமிடத்துக்கு 12 சொல் எழுதும் கைக்கு அது 40 நிமிட வேலை. இருந்தும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் நடத்தும் மாலை வகுப்பில் படிவம் ஐந்து மாணவர்கள் பலர் "எழுத நேரம் பத்தல, டீச்சர்" என்றே சொல்கிறார்கள். ஆகவே கையைக் குறை சொல்லும் முன், தாமதம் கையில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

அதற்கு ஒரு சோதனை உண்டு. பாடநூலின் ஒரு பத்தியை ஐந்து நிமிடம் பார்த்து எழுதுங்கள். பிறகு ஏதாவது ஒரு தலைப்பில் ஐந்து நிமிடம் சொந்தமாக எழுதி, இரண்டையும் ஒப்பிடுங்கள். தமிழில் எழுதினால் சொற்களை எண்ணாமல் வரிகளை எண்ணுங்கள். "எழுதிக்கொண்டிருந்தவர்களிடம்" என்ற ஒரே சொல்லை மலாயில் சொல்ல ஐந்து சொற்கள் வேண்டியிருக்கும். பார்த்து எழுதியது அதிகமாகவும் சொந்தமாக எழுதியது பாதியாகவும் இருந்தால் கை நன்றாகத்தான் இருக்கிறது; அடுத்து என்ன சொல்வது என்று பேனாவைப் பிடித்தபடி யோசிப்பதே நேரத்தைத் தின்கிறது. அத்தகையவர்கள் ஒவ்வொரு பத்திக்கும் இரண்டு மூன்று குறிப்புச் சொற்களை முதலில் எழுதிவைத்துக்கொண்டு தொடங்கினால், அதில் செலவாகும் ஐந்து நிமிடம் இரு மடங்காகத் திரும்பி வரும்.

இரண்டுமே குறைவாக இருந்தால்தான் கையைத் திருத்த வேண்டும். எழுதி முடித்த தாளைத் திருப்பிப் பின்புறம் விரலால் தடவிப் பாருங்கள். எழுத்துகள் மேடாகத் தட்டுப்பட்டால் தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள் என்று பொருள். அந்த அழுத்தமே அரைமணி நேரத்தில் விரலை வலிக்கச் செய்து வேகத்தைக் குறைக்கிறது. ஜெல் பேனாவுக்கு அழுத்தம் குறைவாகவே போதும், ஆனால் இடது கையால் எழுதுபவர்களுக்கு மை இழுபடும். அவர்கள் விரைவில் காயும் மையாகப் பார்த்து வாங்க வேண்டும். முழங்கை மேசைக்கு வெளியே தொங்கக் கூடாது. தாளைச் சற்றுச் சாய்த்து வைத்து, விரல்களை மட்டும் அசைக்காமல் முன்கையையும் சேர்த்து நகர்த்தி எழுதப் பழகினால் சோர்வு தாமதமாகவே வரும். எழுத்துகளைச் சற்றுச் சிறிதாக்கலாம். ஆனால் புள்ளியை விடுவதும் ள, ழ, ற, ர ஆகியவற்றின் வடிவத்தைக் குழப்புவதும் வேகமல்ல, அவை பிழைகள்.

பயிற்சிக்கு நாள்தோறும் பத்து நிமிடம் போதும். முழுக் கட்டுரை வேண்டாம். ஒரே ஒரு பத்தியைக் குறித்த நேரத்துக்குள் முடித்துப் பழகுங்கள்.

தேர்வு அறையில் சொல்லெண்ணிக்கையைப் பார்க்காமல் மதிப்பெண்ணைப் பார்த்து நேரத்தைப் பிரியுங்கள். மேற்சொன்ன ஆங்கிலத் தாளில் 80 சொல் கேட்கும் முதல் பகுதிக்கும் 250 சொல் வரை கேட்கும் மூன்றாம் பகுதிக்கும் அதே 20 மதிப்பெண்தான். மெதுவாக எழுதுபவர் முதல் இரண்டையும் 45 நிமிடத்துக்குள் குறையில்லாமல் முடித்துவிட்டால், மூன்றாவது சற்றுச் சுருங்கினாலும் இழப்பு பெரிதாக இராது. பிழை நேர்ந்தால் ஒரே கோடு போட்டு அடித்துவிட்டு மேலே செல்லுங்கள். வரைவு எழுதி, அதை அழகாகப் படியெடுக்கும் பழக்கத்தை நான் கண்டிப்பாகத் தடுத்துவிடுவேன். ஒரே கட்டுரையை இருமுறை எழுத, வேகமாக எழுதுபவருக்கே நேரம் கிடைப்பதில்லை.

நேரம் முடியப்போகிறது என்றால், வரலாற்றுத் தாளில் எஞ்சிய கருத்துகளை ஒவ்வொன்றும் ஒரு முழு வாக்கியமாக எழுதிவிடுங்கள், ஏனெனில் அங்கே மதிப்பெண் கருத்துக்குத்தான். மொழித் தாளில் அது பயன்படாது. அங்கே தொடங்கிய பத்தியை முடித்து, இரண்டு வரியில் முடிவுரை எழுதுவதே மேல்.

இத்தனைக்கும் பிறகு வேகம் கூடவில்லை, அல்லது எழுதும்போது கை வலி எப்போதும் இருக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறப்புத் தேவையுள்ள தேர்வர்களுக்குக் கூடுதல் நேரம் தரும் ஏற்பாடு உண்டு. மருத்துவச் சான்றுடன் பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். சோதனைத் தேர்வில் மதிப்பெண் குறைந்த பிறகு ஓடாமல், படிவம் ஐந்தின் தொடக்கத்திலேயே பெற்றோர் பள்ளி ஆலோசக ஆசிரியரைப் பார்த்துவிட வேண்டும்.