சூரியனையும் கடிகாரத்தையும் வைத்து நடுக்கடலில் கப்பலின் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஜிபிஎஸ் திரை அணைந்துபோனால் நடுக்கடலில் என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில், மணியைக் குறி, சூரியனை அள, கூட்டிக் கழி என்பதுதான். பழங்கதை இல்லை. கப்பல் அதிகாரிகளின் பயிற்சிக்கான எஸ்டிசிடபிள்யூ சர்வதேச விதிகளில் இந்தப் பாடம் இன்றும் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி 1990களின் கடைசியில் இதைக் கைவிட்டு, 2015இல் திரும்பக் கொண்டுவந்தது.

நாம் ஒரே ஒரு நாளைக் கணக்கு போட்டுப் பார்க்கப் போகிறோம். டிசம்பர் 21. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஒரு கப்பல் வங்காள விரிகுடாவின் நடுவே 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில், 097° திசையில் (வடக்கிலிருந்து வலமாக அளந்தால் 97°, அதாவது கிழக்குக்குச் சற்றுத் தெற்கே) போய்க்கொண்டிருக்கிறது. அளவீடுகள் பயிற்சிக்காக நான் அமைத்தவை. ஆனால் கணக்கு நிஜக் கணக்கு. கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு கூடவே போட்டுப் பாருங்கள்.

ஒரு சொல் ஒப்பந்தம் மட்டும் முதலில். ஒரு பாகையில் 60 பங்கு உண்டு. அதையும் நிமிடம் என்று எழுதினால் கடிகார நிமிடத்தோடு குழம்பிவிடும். அதனால் கோணத்துக்குக் ‘கலை’ என்ற பழைய சொல்லையே வைத்துக்கொள்கிறேன். 12° 14′ என்றால் 12 பாகை 14 கலை.

முதலில் அடிப்படை

ஒரு கோபுரத்தின் அடியில் நின்று உச்சியைப் பார்த்தால் கழுத்து ஒடிகிற மாதிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். தள்ளிப் போகப் போக உச்சி தாழ்ந்துகொண்டே வரும். சூரியனும் அப்படித்தான். எந்த நொடியிலும் பூமியில் ஏதோ ஒரு புள்ளிக்கு நேர் மேலே அது நிற்கிறது. அந்தப் புள்ளிதான் கோபுரத்தின் அடி. அங்கே சூரியனின் உயரம், அதாவது தொடுவானத்திலிருந்து அது நிற்கும் கோணம், 90°. அங்கிருந்து நீங்கள் ஒரு கடல் மைல் விலகினால் உயரம் சரியாக ஒரு கலை குறையும். கடல் மைல் என்ற அளவே இந்தக் கணக்குக்காகப் பிறந்ததுதான்.

ஆக, உயரத்தை அளந்து 90°யிலிருந்து கழித்தால், கோபுரத்தின் அடி எத்தனை மைல் தொலைவில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அடி எங்கே இருக்கிறது என்பதை, ஆண்டுதோறும் வரும் நாட்டிக்கல் அல்மனாக் மணிக்கு மணி அச்சிட்டுத் தருகிறது. 1767ஆம் ஆண்டுக்கான முதல் பதிப்பிலிருந்து இந்த வேலை நின்றதே இல்லை. இதற்கு மேல் வருவதெல்லாம் திருத்தங்களும் கொஞ்சம் முக்கோணவியலும்தான்.

படி 1: நண்பகல் எப்போது என்று தோராயமாகக் கணியுங்கள்

நம் கப்பல் சுமாராக 86° 30′ கிழக்கில் இருக்கும் என்று வேகத்தையும் திசையையும் வைத்து ஒரு ஊகம் உண்டு. சூரியன் மணிக்கு 15° மேற்கே போகிறது. 86° 30′ஐ 15ஆல் வகுத்தால் 5 மணி 46 நிமிடம். அன்று கிரீன்விச்சை (0° தீர்க்கரேகை) சூரியன் கடக்கும் நேரம் 11:58 என்கிறது அல்மனாக். கழித்தால் 06:12 யுடி, அதாவது கிரீன்விச் நேரம். இந்திய நேரத்தில் 11:42. அதற்கு அரை மணி முன்னதாகவே செக்ஸ்டன்ட்டோடு (சூரியனின் உயரத்தைக் கோணமாக அளக்கும் கைக்கருவி) தளத்துக்கு வந்துவிடுங்கள்.

படி 2: செக்ஸ்டன்ட்டைச் சரிபாருங்கள்

கருவியை 0°யில் வைத்துத் தொடுவானத்தைப் பாருங்கள். கண்ணாடியில் தெரியும் பாதியும் நேரில் தெரியும் பாதியும் ஒரே கோடாக இருக்க வேண்டும். படிக்கட்டு மாதிரி உடைந்து தெரிந்தால், டிரம் எனும் அளவுத் திருகைத் திருகி ஒன்றாக்குங்கள். இப்போது அளவுகோல் 0க்குப் பதில் 2.0′ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இந்தக் கருவி எப்போதும் 2.0′ அதிகமாகச் சொல்கிறது. ஒவ்வொரு அளவிலும் 2.0′ கழிக்க வேண்டும். 0க்குக் கீழே காட்டினால் கூட்ட வேண்டும். இந்தக் கூட்டல் கழித்தலை மாற்றிப் போடாத கேடட்டை நான் பார்த்ததில்லை. நானும் போட்டிருக்கிறேன்.

அப்புறம், கறுப்புக் கண்ணாடிகளைப் போடாமல் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. ஒரு நொடி போதும், கண் போய்விடும்.

படி 3: சூரியனைத் தொடுவானத்தில் இறக்குங்கள்

கருவியின் கையை நகர்த்தினால் சூரியனின் பிம்பம் கீழே இறங்கும். அதன் கீழ் விளிம்பு தொடுவானத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். அப்போது கருவியை இடமும் வலமுமாக ஊஞ்சல் மாதிரி மெல்ல ஆட்டுங்கள். சூரியன் ஒரு வளைவு போடும். அந்த வளைவின் அடிப்புள்ளி தொடுவானத்தைத் தொடுவதுதான் சரியான அளவு. ஆட்டாமல் எடுத்தால் கருவி சற்றுச் சாய்ந்திருந்தாலும் தெரியாது. சாய்ந்த கருவி எப்போதும் அதிகமாகவே சொல்லும்.

நண்பகலை நெருங்க நெருங்க சூரியன் ஏறுவது மந்தமாகி, கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிற்கிற மாதிரி இருந்து, பிறகு இறங்கத் தொடங்கும். நமக்குக் கிடைத்த உச்ச அளவு 54° 11.6′.

படி 4: திருத்தங்கள்

கருவிப் பிழை: −2.0′. மீதி 54° 09.6′.

கண் உயரம்: தளத்தின் மேல் நிற்பதால் தொடுவானம் தாழ்ந்து தெரியும். கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலத்தை 1.76ஆல் பெருக்குங்கள். 9 மீட்டருக்கு 5.3′. கழித்தால் 54° 04.3′.

சூரியனுக்கான திருத்தம்: கீழ் விளிம்பை அளந்தோம், நமக்கு வேண்டியது மையம். டிசம்பரில் சூரியனின் பாதி அகலம் 16.3′, அதைக் கூட்ட வேண்டும். காற்று ஒளியை வளைப்பதற்கு 0.7′ கழிக்க வேண்டும், இடமாறு தோற்றத்துக்கு 0.1′ கூட்ட வேண்டும். மொத்தம் +15.7′. அல்மனாக்கின் அட்டவணையில் இவை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தே கிடைக்கும்.

உண்மை உயரம் 54° 20.0′.

படி 5: அட்சரேகை

90°யிலிருந்து 54° 20′ஐக் கழித்தால் 35° 40′. அதாவது கோபுரத்தின் அடி நமக்கு நேர் தெற்கே 2140 கடல் மைல் தொலைவில் இருக்கிறது. அன்று அந்த அடி 23° 26′ தெற்கில் என்கிறது அல்மனாக். அங்கிருந்து வடக்கே 35° 40′ வந்தால்:

35° 40′ − 23° 26′ = 12° 14′ வடக்கு.

அவ்வளவுதான், அட்சரேகை முடிந்தது. இதற்கு நொடி சுத்தமான கடிகாரம்கூடத் தேவையில்லை. நீண்ட காலம் கப்பல்கள் சேர வேண்டிய ஊரின் அட்சரேகையைப் பிடித்துக்கொண்டு, அதன் மேலேயே கிழக்காகவோ மேற்காகவோ ஓடியதற்குக் காரணம் இதுதான்.

நம் பக்கத்துக் கடல்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சென்னைக்கு ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நிழலில்லா நாள் என்கிறோமே, அதுதான். அந்த நாட்களில் சூரியன் கிழக்கிலிருந்து மேற்குக்குத் தலைக்கு மேல் சட்டென்று தாவிவிடும். எந்தப் பக்கத் தொடுவானத்தில் இறக்குவது என்று முடிவு செய்வதற்குள் நண்பகல் போய்விடும். பழகுகிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் தொடங்குவதே நல்லது.

படி 6: தீர்க்கரேகை

இதற்கு மணி வேண்டும், அதுவும் நொடி சுத்தமாக. 4 நொடி தவறினால் ஒரு கலை தவறும்.

உச்சத்தில் சூரியன் நிற்பது போலத் தெரிவதால், எந்த நொடியில் உச்சம் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு தந்திரம். நண்பகலுக்கு முன்பே ஒரு உயரத்தை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நாம் எடுத்தது 53° 50.6′, நேரம் 05:50:20 யுடி. பிறகு டிரம்மை அதே 53° 50.6′க்குத் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருங்கள். இறங்கி வரும் சூரியன் தொடுவானத்தை மறுபடி தொடும் நொடியைக் குறியுங்கள்: 06:31:16. இரண்டுக்கும் நடு 06:10:48. அதுதான் நண்பகல்.

அன்று கிரீன்விச் நண்பகல், நொடிக் கணக்கில், 11:57:56. வித்தியாசம் 5 மணி 47 நிமிடம் 8 நொடி. 5 மணிக்கு 75°, 47 நிமிடத்துக்கு 11° 45′, 8 நொடிக்கு 2′. மொத்தம் 86° 47′ கிழக்கு.

இங்கேதான் ஆரம்பக்காரர்கள் கப்பலைத் தரைதட்ட விடுவார்கள். இந்திய நேரத்தை யுடியாக மாற்ற மறந்து 11:40:48 என்று போட்டால் விடை 4° 17′ கிழக்கு. 12° 14′ வடக்கில் அது நைஜீரியாவின் வடமேற்கு நிலப்பகுதி. நான் ஒருமுறை இப்படித்தான் விடை கொண்டுபோய் நீட்டினேன். சீஃப் ஆபீசர் திட்டவில்லை. “அங்கே நங்கூரம் போட நல்ல இடம் இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

இந்தத் தீர்க்கரேகையை எவ்வளவு நம்பலாம்?

அரைகுறையாகத்தான். நண்பகலுக்கு 20 நிமிடம் முன்னும் பின்னும் சூரியனின் உயரம் நிமிடத்துக்குச் சுமார் 2 கலைதான் மாறுகிறது. நீங்கள் தொட்ட நொடியைக் கால் நிமிடம் தவறவிடுவது மிகச் சுலபம். இன்னொரு பிழை கண்ணுக்கே தெரியாது. நம் கப்பல் கிழக்கே போகும்போது கொஞ்சம் தெற்கேயும் நகர்கிறது, மணிக்கு ஒன்றரை மைல் அளவில். தெற்கே போகப் போக சூரியன் கூடுதலாக உயரும். அதனால் நாம் காணும் உச்சம் நிஜ நண்பகலைவிட ஏறத்தாழ 15 நொடி பிந்துகிறது. அதுவே மூன்றரைக் கலைக்கு மேல். கப்பல் உண்மையில் நம் விடையைவிடக் கிழக்கே இருக்க வேண்டும்.

எனவே நண்பகலோடு நிறுத்தாமல், மாலையில் இன்னொரு முறை சூரியனைப் பிடிப்பதுதான் முறை.

படி 7: பிற்பகல் கோடு

1837 டிசம்பரில் தாமஸ் சம்னர் என்ற அமெரிக்கக் கேப்டன், அயர்லாந்தை ஒட்டிய கடலில் மோசமான வானிலையில் மாட்டிக்கொண்டார். மேக இடைவெளியில் ஒரே ஒரு முறை சூரியன் தெரிந்தது. தன் அட்சரேகை தெரியாததால், மூன்று வெவ்வேறு அட்சரேகைகளை ஊகித்துக் கணக்குப் போட்டார். கிடைத்த மூன்று இடங்களும் ஒரே நேர்கோட்டில் விழுந்தன. ஒரு அளவு ஒரு புள்ளியைத் தராது, ஒரு கோட்டைத் தரும் என்று அப்போதுதான் புரிந்தது. 1875இல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி மார்க் சேன்ட் இலேர் இதைச் சுலபமாக்கினார்: ஊகித்த இடத்தில் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிடு, அளந்ததோடு ஒப்பிடு. நாம் செய்யப்போவதும் அதைத்தான்.

09:30:00 யுடி. நண்பகலிலிருந்து 40 மைல் ஓடியிருக்கிறோம். ஊகித்த இடம் 12° 09′ வடக்கு, 87° 28′ கிழக்கு. அந்த நொடியில் சூரியனின் கிரீன்விச் மணிக்கோணம் (கோபுரத்தின் அடி கிரீன்விச்சிலிருந்து மேற்காக எத்தனை பாகை தள்ளி இருக்கிறது என்ற அளவு) 323° 00′. இதோடு நம் தீர்க்கரேகையைக் கூட்டி 360°யைக் கழித்தால் 50° 28′. இது நம் இடத்து மணிக்கோணம்.

இனி சூத்திரம்:

சைன் உயரம் = சைன் அட்சம் × சைன் விலக்கம் + காஸ் அட்சம் × காஸ் விலக்கம் × காஸ் மணிக்கோணம்

விலக்கம் என்பது சூரியனின் அந்த 23° 26′. தெற்கு என்பதால் மைனஸ் போட வேண்டும். கலைகளை 60ஆல் வகுத்துத் தசமமாக்கி உள்ளிட்டால் விடை 0.48725 வாக்கில் வரும். அதற்குரிய கோணம் 29° 09.6′.

திசைக்கு: சைன் விலக்கத்திலிருந்து (சைன் அட்சம் × சைன் உயரம்) கழித்து, (காஸ் அட்சம் × காஸ் உயரம்) ஆல் வகுங்கள். −0.586. கோணம் 125.9°. சூரியன் மேற்கே இருப்பதால் 360இலிருந்து கழிக்க, 234°.

செக்ஸ்டன்ட்டில் கிடைத்தது 28° 58.2′. படி 4இல் செய்தபடியே திருத்துங்கள். சூரியன் தாழ்ந்துவிட்டதால் காற்றுத் திருத்தம் மட்டும் 1.7′ ஆகிறது. உண்மை உயரம் 29° 05.6′.

கணக்கைவிட 4 கலை குறைவு. கோபுரம் தாழ்ந்து தெரிகிறது என்றால் நாம் தள்ளி இருக்கிறோம். ஊகித்த இடத்திலிருந்து சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில், 054°யில், 4 மைல் அளந்து ஒரு புள்ளி வையுங்கள். அங்கே, சூரியன் இருக்கும் திசைக்குச் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். கப்பல் அந்தக் கோட்டில் எங்கோ இருக்கிறது.

படி 8: இரண்டையும் வெட்டுங்கள்

நண்பகலில் கிடைத்த 12° 14′ம் ஒரு கோடுதான். 40 மைல் ஓட்டத்தில் கப்பல் 5 மைல் தெற்கே வந்ததால், அதை 12° 09′க்கு நகர்த்தி வரையுங்கள். பிற்பகல் கோடு அதை ஊகித்த இடத்துக்கு 5 மைல் கிழக்கே வெட்டும். கப்பலின் இடம்: 12° 09′ வடக்கு, 87° 33′ கிழக்கு. நண்பகல் தீர்க்கரேகை மேற்கே தள்ளியிருக்கும் என்று சந்தேகப்பட்டோமே, அது இப்போது காகிதத்தில் தெரிகிறது. ஒரு எச்சரிக்கை: நீரோட்டம் கப்பலை இழுத்திருந்தால் நகர்த்திய கோட்டிலும் அந்தப் பிழை இருக்கும்.

கப்பல் இல்லாதவர்களுக்கு

மெரினாவில் நின்று நண்பகல் அளவு எடுக்க முடியாது. கடல் கிழக்கே, சூரியன் தெற்கே. டிசம்பரில் கன்னியாகுமரிக்குப் போங்கள், தெற்கே முழுக் கடல். 21ஆம் தேதி அங்கே நண்பகல் 12:18 வாக்கில். மணலில் நிற்கும்போது கண் கடல்மட்டத்துக்கு மேல் 2 மீட்டர் என்றால் அதற்கான திருத்தம் 2.5′. பிளாஸ்டிக் செக்ஸ்டன்ட் போதும். விடை 8° 05′ பக்கத்தில் வர வேண்டும். பத்துக் கலை தள்ளி வந்தால் முதலில் படி 2க்குப் போய் அந்தக் கூட்டல் கழித்தலைப் பாருங்கள்.