பாரிஸ் புறநகரில் குடும்பத்துக்கு ஏற்ற ஊர்: புதுச்சேரியிலிருந்து புறப்படுபவர்களுக்கு

புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு மாதம் ஒரு குடும்பமாவது வந்துவிடுகிறது. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதில் பாஸ்போர்ட், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வேலை ஒப்பந்தம். கைபேசியில் யாரோ அனுப்பிய வீட்டுப் படங்கள். "அக்கா, பாரிசில் எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்?" என்று கேட்பார்கள். 1996இல் போய், 27 ஆண்டுகள் அங்கே குடித்தனம் நடத்தி, இரண்டு பிள்ளைகளை வளர்த்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். எனவே என்னிடம் வருகிறார்கள். நானும் ஒரு கேள்வியோடுதான் தொடங்குவேன்: "பகலில் வீட்டில் இருக்கப் போவது யார்?"

பெரும்பாலும் அது மனைவி. பிரெஞ்சு அதிகம் தெரியாது, கையில் சிறு குழந்தை. ஆனால் வீட்டுப் படங்களை வைத்துக்கொண்டு பேசுகிறவர் கணவர். அவருடைய கணக்கு முழுவதும் அலுவலகத்துக்கு எத்தனை நிமிடம் என்பதுதான். அவர் காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு ஏழு மணிக்கு வருவார். அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் அந்த ஊரில் வாழப் போகிறவர்கள் மற்றவர்கள். பள்ளி, மருத்துவர், காய்கறிச் சந்தை, நகராட்சி அலுவலகம் ஆகிய நான்கும் வீட்டிலிருந்து கால்மணி நேர நடைக்குள் இருக்கிற ஊரைத் தேர்ந்தெடுங்கள். ரயில் கணக்கு அதற்கு அடுத்தது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் முதல் வீடு பாரிசுக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில். வாடகை குறைவு, சுற்றிலும் மரங்கள், படத்தில் பார்க்க மிக அழகு. ரயில் நிலையத்துக்கு பஸ்ஸில் இருபது நிமிடம். அந்த பஸ்ஸும் பகலில் மணிக்கு ஒன்றுதான். டிசம்பரில் அங்கே காலை எட்டு மணிக்கும் இருட்டாக இருக்கும், மாலை ஐந்துக்கு மறுபடி இருட்டிவிடும். ஒரு நாள் மகளுக்குத் தடுப்பூசி. தள்ளுவண்டியில் அவளை உட்காரவைத்துக் கம்பளி சுற்றி நிறுத்தத்துக்குப் போனேன். பஸ் என் கண்முன் திரும்பிப் போனது. நிழற்குடையில் ஒரு மணி நேரம் நின்றோம். குழந்தையின் கையுறை நனைந்து விறைத்துப் போனது. அவள் விரல்களை என் வாய்க்கருகே வைத்து ஊதிக்கொண்டே இருந்தேன். மருத்துவ நிலையத்துக்குப் போனபோது எங்கள் நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். அந்தக் குளிர்காலத்தில் என் கணவரைத் தவிர நான் தமிழில் பேசியது, ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி அட்டை வாங்கி அம்மாவிடம் பேசிய பத்துப் பத்து நிமிடங்கள்தான். இரண்டாம் ஆண்டு பாரிசுக்கு வடக்கே இருக்கிற சார்செல்லுக்கு மாறினோம். அந்த வீடு சிறியது, ஆறாவது மாடி. பள்ளிக்கு நான்கு நிமிட நடை. எனக்கு உயிர் வந்தது அங்கேதான்.

இனி ரயில். பலர் தெரியாமல் இருக்கிற ஒரு செய்தி: பாரிஸ் வட்டாரத்தில் 'நவிகோ' மாதச் சீட்டுக்கு 2015 செப்டம்பர் முதல் எல்லா மண்டலங்களுக்கும் ஒரே விலை. 2025இல் அது 88 யூரோ 80 சென்ட். சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்கு அதில் குறைந்தது பாதியை முதலாளி தர வேண்டும் என்பது சட்டம். ஆகவே பத்து கிலோமீட்டரில் இருந்தாலும் நாற்பது கிலோமீட்டரில் இருந்தாலும் சீட்டுக்குச் செலவு ஒன்றே. கூடுவது நேரம் மட்டும். தூரமும் நேரமும் வேறு வேறு என்பதைக் கடலூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் நெரிசலில் எத்தனை நேரம் போகிறது என்பதுதான் அவர்களுடைய நாளைத் தீர்மானிக்கிறது.

பாரிசில் அந்த நெரிசல், நகரையும் புறநகரையும் இணைக்கும் ஆர்.இ.ஆர். ரயில்களில் இருக்கிறது. வடக்கே போகும் பி, டி ஆகிய இரண்டு தடங்களும் பாரிசின் வடக்கு ரயில் நிலையமான கார் து நோருக்கும் நகர நடுவில் இருக்கிற ஷாத்லே நிலையத்துக்கும் நடுவே ஒரே சுரங்கப்பாதையில் ஓடுகின்றன. ஒன்றில் ரயில் நின்றால் மற்றதும் திணறும். டி தடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் போய்வந்த என் கணவர், வீட்டுக்கு வரும் நேரத்தை ஒருபோதும் உறுதியாகச் சொன்னதில்லை. எனவே இரண்டாவது வழி இருக்கிற ஊராகப் பாருங்கள். எர்மோன்-ஓபோன் நிலையத்திலிருந்து கார் து நோருக்கு ஹெச் தடம், பாரிசின் இன்னொரு பெரிய நிலையமான சேன் லசாருக்கு ஜே தடம், போதாதற்கு ஆர்.இ.ஆர். சி. லா குர்நெவ் ஊருக்கு ஆர்.இ.ஆர். பி, ஏழாம் எண் மெட்ரோ, டிராம் ஆகிய மூன்று வழிகளும் உண்டு. கார்ஜ்-சார்செல் நிலையத்தில் ரயில் நின்றால் டிராம் பிடித்து சேன் தெனிக்குப் போய், அங்கிருந்து மெட்ரோவில் பாரிசுக்குள் போகலாம்.

எந்த ஊர் என்று குறிப்பாகக் கேட்பவர்களுக்கு என் அபிப்பிராயம் இது. பிரான்சுக்கு முதன்முறையாகப் போகிற குடும்பத்துக்கு முதல் மூன்று ஆண்டுகள் வடக்குப் பக்கமே நல்லது: சார்செல், கார்ஜ், லா குர்நெவ். நம்மவர்கள் இருக்கிறார்கள். காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டிக் கறிவேப்பிலை கேட்கலாம். பள்ளியிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் உண்டு. கார்ஜ்-சார்செல்லிலிருந்து கார் து நோருக்கு ரயில் ஒழுங்காக ஓடினால் கால்மணி நேரம் அளவில் ஆகும். இறங்கி நடந்தால் லா சப்பல் கடைத்தெரு. பொன்னி அரிசி முதல் வாழையிலை வரை கிடைக்கும். ஆகஸ்டு கடைசியில் அங்குள்ள மாணிக்க விநாயகர் கோயில் தேர் வீதியில் வரும். லா குர்நெவ் பக்கம் வீடு அமைந்தால் 400 ஹெக்டேருக்கு மேல் பரந்த பூங்கா ஒன்று அருகில் இருக்கும். கோடையில் பிள்ளைகளை வீட்டுக்குள் பிடித்துவைக்க வேண்டாம்.

இந்த ஊர்களைப் பற்றி, குறிப்பாக லா குர்நெவ் இருக்கிற 93ஆம் எண் மாவட்டத்தைப் பற்றி, பயமுறுத்திப் பேசுகிறவர்கள் உண்டு. ஊர் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தெருவுக்குத் தெரு மாறும். நீங்களே போய்ப் பாருங்கள். வார நாளில், மாலை ஆறரை மணிக்கு, கார் து நோரிலிருந்து கூட்டத்தோடு ரயில் ஏறி, நிலையத்திலிருந்து அந்த வீடு வரை நடந்து பாருங்கள். மனைவியையும் தள்ளுவண்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஞாயிறு மதியம் வெயிலில் பார்த்துவிட்டு முடிவு செய்தவர்கள் பலர் பின்னால் வருந்தியிருக்கிறார்கள்.

பாரிசுக்கு மேற்கே அலுவலகப் பகுதியான லா தெபான்ஸின் கண்ணாடிக் கட்டடங்களில் கணினி வேலைக்குப் போகிறவர் என்றால் செர்ஜி பொருத்தம். ஆர்.இ.ஆர். ஏ தடத்தில் மாறாமல் போகலாம், ஏறத்தாழ அரைமணி நேரம். பல்கலைக்கழகம் இருக்கிற, திட்டமிட்டுக் கட்டிய புதிய நகரம். அதே தடத்தின் கிழக்குப் பக்கத்தில் நுவாசி-லெ-கிரான், அதற்கும் அப்பால் புஸ்ஸி-சேன்-ஜோர்ஜ். நம் புஸ்ஸி வீதியை நினைவூட்டும் பெயர். அமைதியான ஊர், ஆசியக் குடும்பங்கள் நிறைய, ஆனால் தமிழ்க் கடை தூரம். பிரெஞ்சு ஓரளவு பேசவந்த பிறகு அங்கே போகலாம்.

பள்ளி விஷயத்தில் சற்று நிதானமாக யோசியுங்கள். 2019 முதல் அங்கே மூன்று வயதிலேயே கல்வி கட்டாயம். அரசுப் பள்ளியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. உங்கள் முகவரிக்கு எந்தப் பள்ளியோ அதுதான். அதனால் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தெரு எந்தப் பள்ளியைச் சேர்ந்தது என்று நகராட்சியில் கேளுங்கள். நம் கடற்கரைச் சாலையில் 2014இல் இடிந்து, பிறகு பழைய வடிவிலேயே எழுப்பப்பட்ட 'மேரி' கட்டடம் நினைவிருக்கிறதல்லவா? அங்கேயும் நகராட்சிக்கு அதே பெயர்தான். பிள்ளையைப் பள்ளியில் பதிவது, மதியச் சாப்பாட்டுக்கு எழுதிவைப்பது எல்லாம் அங்கேதான். சாப்பாட்டுக் கட்டணம் பல ஊர்களில் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. சம்பளச் சீட்டைக் கொண்டுபோகாவிட்டால் உச்சக் கட்டணம் போட்டுவிடக்கூடும்.

'ரெப்' என்று குறிக்கப்பட்ட பள்ளி என்றதும் சிலர் பின்வாங்குகிறார்கள். வருமானம் குறைந்த பகுதிகளுக்கு அரசு கூடுதல் ஆசிரியர்களைத் தரும் ஏற்பாடு அது. அத்தகைய பள்ளிகளில் தொடக்கப் பள்ளியின் முதல் இரண்டு வகுப்புகளைப் பாதியாகப் பிரித்து, வகுப்புக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் அளவில் வைக்கிறார்கள். வீட்டில் தமிழ் மட்டும் பேசி வளர்ந்த குழந்தைக்கு ஆசிரியரின் கவனம் இப்படிக் கிடைப்பது பெரிய பேறு. பெரிய பிள்ளைகள் என்றால், புதிதாக வந்தவர்களுக்குத் தனியாக பிரெஞ்சு கற்பிக்கும் வகுப்பு எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று கேளுங்கள். எல்லாப் பள்ளியிலும் இருக்காது.

வீட்டைப் பற்றிச் சில சொற்கள். விளம்பரத்தில் 'எஃப்3' என்றால் மூன்று படுக்கையறை என்று நினைக்காதீர்கள். கூடமும் இரண்டு படுக்கையறையும் சேர்த்து மூன்று, சமையலறை கணக்கில் வராது. வாடகையைப் போல மூன்று மடங்கு சம்பளம் கேட்பார்கள், ஜாமீன் கேட்பார்கள். தட்டுமுட்டுச் சாமான் இல்லாத வீட்டுக்கு முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்தாவதற்கு முன் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். இங்கிருந்தபடியே படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பி ஏமாந்த குடும்பங்களின் அழுகையை நான் கேட்டிருக்கிறேன். வீட்டைச் சூடாக வைக்க எவ்வளவு எரிசக்தி செலவாகும் என்று காட்டும் தர எழுத்தைப் பாருங்கள்: 'ஏ' மிக நல்லது, 'ஜி' மிக மோசம். 2025 ஜனவரி முதல் 'ஜி' வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடக்கூடாது. படுக்கையறையின் வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஈரமாகச் சில்லிட்டால், அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை கறுத்திருக்கும். குழந்தைக்கு இருமல் விடாது. கட்டடம் முழுவதற்கும் பொதுவான வெப்பமூட்டி உள்ள வீடு கிடைத்தால் விடாதீர்கள். இரவு மாவுப் பாத்திரத்தைத் துணி சுற்றி அந்த வெப்பமூட்டியின் இரும்புப் பட்டையருகே வைத்தால் ஜனவரியிலும் இட்லி மாவு பொங்கும்.

சாவி வாங்கிய அன்றே கீழே தபால் பெட்டியில் பெயரை ஒட்டுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் கடிதம் போடமாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார். நம் வழக்கத்தில் கணவர் பெயர் ஒன்று, மனைவி பெயர் ஒன்று, பிள்ளைக்கு அப்பா பெயர் முன்னெழுத்தாக இருக்கும்; குடும்பப் பெயர் என்று பொதுவாக ஒன்று இருக்காது. ஆகவே பாஸ்போர்ட்டில் உள்ளபடி வீட்டிலிருக்கும் எல்லோருடைய பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பள்ளிக் கடிதமும் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் வீட்டு வாடகை உதவிக் கடிதமும் அந்தப் பெட்டிக்குத்தான் வரும்.