ஒரே கெண்டையா, இரண்டு இனமா? மலையோடை மீன்களைப் பிரித்தறியும் முறை

இரண்டு மலையோடைகளில் பார்க்க ஒன்றுபோல இருக்கும் கெண்டைக் கூட்டங்கள் ஒரே இனமா, இரண்டா என்று அறிய, முதலில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பழனி மலையின் வடசரிவுத் தண்ணீர் அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. தென்சரிவுத் தண்ணீர் வைகைக்கு. நீலகிரியில் மாயாறும் பவானியும் காவிரிப் பக்கம். கூடலூரின் பாண்டியாறோ சாலியாறோடு சேர்ந்து அரபிக்கடலுக்குப் போய்விடும். முகடு தாண்டி மீன் போவதில்லை. எனவே மாதிரி எடுக்கும் இடங்களை ஊர்வாரியாகத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஆற்றுப் படுகைவாரியாகத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே உள்ள அறிவியல் பெயர் முதன்முதலில் எந்த ஓடை மீனுக்கு வைக்கப்பட்டதோ அந்த ஓடையும் பட்டியலில் இருக்க வேண்டும். நீலகிரி மீன்களைப் பற்றி மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே எழுதியது 1867இல். அந்த இடத்து மீனைப் பார்க்காவிட்டால், உங்கள் இரண்டு கூட்டங்களில் பழைய பெயர் எதற்கு, புதுப் பெயர் எதற்கு என்று சொல்ல வழியே இல்லை.

வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி கையில் வரும்வரை வலையை நனைக்க வேண்டாம்.

1 மில்லி கிராம்பு எண்ணெயை 9 மில்லி எத்தனாலில் கரைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயை நேரே குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் விட்டால் மேலே மிதக்கும். ஒரு லிட்டருக்கு இந்தக் கரைசல் அரை மில்லி போதும், மீன் மயங்கும். நிறம் மங்குமுன் இடது பக்கத்தைப் படம் எடுத்து, வலது வயிற்றுத் துடுப்பில் சிறு துண்டை வெட்டி 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் போடுங்கள். துண்டைப்போலப் பத்து மடங்கு எத்தனால் வேண்டும். ஒவ்வொரு மீனுக்கும் நடுவே கத்தரியைத் துடைத்துத் தீயில் காட்டுங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதி டியூபுக்கு உள்ளே போடுங்கள். பேனா மையை எத்தனால் கரைத்துவிடும். சான்று மாதிரியாக வைக்கும் மீன் 10 சதவீத ஃபார்மலினுக்கும், பிறகு அலசி 70 சதவீத எத்தனாலுக்கும் போகும். வரிசை மாறக் கூடாது: ஃபார்மலின் பட்ட சதையில் டிஎன்ஏ சிதைந்துவிடும்.

அளவெடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நிலைநீளம் என்பது மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் எலும்பு வரை. வாலை லேசாக மடக்கினால் ஒரு மடிப்பு விழும். வெர்னியர் அளவுகோலின் நுனி அங்கே நிற்க வேண்டும். எல்லாம் இடது பக்கத்தில், 0.1 மி.மீ. துல்லியத்தில், ஒரே ஆள் கையால். வெர்னியரின் தாடையை அழுத்தினால் மீனின் வயிறு அமுங்கி உடல் உயரம் குறைந்துவிடும். உடலில் 10 முதல் 14 புள்ளிகளைக் குறித்து அவற்றுக்கிடையே குறுக்கும் நெடுக்குமான தூரங்களையும் எடுங்கள். உடலின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் பக்கக்கோட்டின் செதில்களையும் துடுப்புக் கதிர்களையும் எண்ணுங்கள். ஒரு வாரம் கழித்துப் பழைய தாளைப் பார்க்காமல் பத்து மீன்களைத் திரும்ப அளந்து பாருங்கள். இரண்டு தடவைக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு ஓடைகளுக்கு உள்ள வித்தியாசத்தை எட்டினால் அந்த அளவே வேண்டாம்.

புது மீனையும் ஃபார்மலினில் சுருங்கிய மீனையும் கலக்காதீர்கள். காரா (Garra) என்னும் ஓடைக் கெண்டை வகையில் ஆண் மீனின் மூக்கில் இனப்பெருக்கக் காலத்தில் எழும் முண்டுகளை இன அடையாளமாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு! குஞ்சும் பெரியதும் கலந்தால் பல அளவுகளைச் சில அச்சுகளாகச் சுருக்கும் முதன்மைக் கூறுப் பகுப்பாய்வின் முதல் அச்சு பருமனை மட்டுமே காட்டும். அளவுகளுக்கு மடக்கை (log) எடுத்து, பருமனின் பங்கை நீக்கிய பிறகே ஒப்பிடுங்கள்.

மரபணு ஒப்பீட்டுக்கு சிஓஐ (COI) என்னும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் ஒரு துண்டு, ஏறத்தாழ 655 கார இணைகள் நீளம். அந்தத் துண்டின் இரு முனைகளைக் குறிக்கும் ஃபிஷ்-எஃப்1, ஃபிஷ்-ஆர்1 பிரைமர்கள் நன்றாகவே வேலை செய்யும். டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆரில் (PCR) டிஎன்ஏ போடாத வெற்று டியூப் ஒன்று கட்டாயம். இரு திசையிலும் வரிசை படித்து, புரதமாக மாற்றிப் பாருங்கள். நடுவில் நிறுத்தக் குறி வந்தால் அது வேலை செய்யாத போலிப் பிரதி அல்லது படிப்புப் பிழை. 2 சதவீத வேறுபாடு வந்ததும் புது இனம் என்று துள்ள வேண்டாம். ஒரே ஓடைக்குள் உள்ள அதிகபட்ச வேறுபாட்டைவிட அது தெளிவாகப் பெரியதா என்பதே கேள்வி. சிஓஐ தாய்வழி மட்டுமே வருவதால் கலப்பினத்தைக் காட்டாது. ராக்1 போன்ற உட்கரு மரபணுவும் அதே பிரிவைக் காட்ட வேண்டும்.

மரபணு பிரிந்து உடல் பிரியாவிட்டால் பல், எலும்பு, நிறம் என்று இன்னும் தேடுங்கள். உடல் மட்டும் பிரிந்தால் ஓடையின் வேகமோ இரையோ காரணமாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்து பிரிந்தாலும் உடனே பெயர் வைத்துவிடாதீர்கள். மாயாற்றுத் திமில் மஹசீர் என்னும் பெரிய கெண்டை நெடுங்காலம் அறிவியல் பெயரில்லாமல் இருந்தது. உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டபோது, அமராவதியில் சேரும் பாம்பாற்றிலிருந்து முன்பே விவரிக்கப்பட்டிருந்த டோர் ரெமதேவியே அது என்று 2018இல் தெரிந்தது. அந்த முதல் விவரிப்பு சிறிய மீன்களை வைத்து எழுதப்பட்டது. உங்கள் பட்டியலில் வளர்ந்த மீன் இல்லையென்றால் அடுத்த பருவம்வரை பொறுங்கள்.