சேவ் ஆகாத ரவுட்டர் ஹார்டு டிஸ்க்: 777 போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ரவுட்டரில் யூஎஸ்பி ஹார்டு டிஸ்க்கைச் செருகி எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவாக வைத்திருந்தால், என்றாவது ஒருநாள் இந்தத் தொல்லை வரும். ஃபைல் திறக்கும். சேவ் கொடுத்தால் மட்டும் அனுமதி இல்லை என்று வந்து நிற்கும். யாரைக் கேட்டாலும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: 777 போடு. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்று எல்லாவற்றையும் திறந்துவிடும் லினக்ஸ் அனுமதி எண் அது. பல சமயம் அது கேட்காது. கேட்டுவிட்டால் அதைவிட ஆபத்து, ஏனென்று கீழே சொல்கிறேன்.

திருமங்கலத்தில் ஒரு சின்ன டிடிபி கடை நடத்துகிறேன். காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, புதுமனை புகுவிழா என்று ஃப்ளெக்ஸ் டிசைன் செய்து மதுரைக்குப் பிரிண்டுக்கு அனுப்புவது முக்கால்வாசி வேலை. "அக்கா, போன வருஷம் பெரியவனுக்குப் போட்ட அதே பேனர், தாய்மாமன் பேரெல்லாம் அப்படியே இருக்கட்டும், புள்ளை போட்டோவை மட்டும் மாத்துங்க" என்று வருகிறவர்கள்தான் அதிகம். அதனால் பழைய ஃபைல்தான் எங்களுக்கு முதல். விண்டோஸ் மெஷின் இரண்டு, லினக்ஸ் மின்ட் ஒன்று, ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ் மென்பொருள்) போட்ட ரவுட்டர், அதில் எல்லாப் பழைய டிசைனும் இருக்கும் டிஸ்க். கீழே சொல்வதெல்லாம் இந்த அமைப்பை வைத்துத்தான். கம்பெனி ஃபர்ம்வேரிலேயே ரவுட்டர் ஓடினால் கட்டளை அடிக்க இடமிருக்காது, ஆனால் பார்க்க வேண்டிய வரிசை அதேதான். கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

ஒரு ஃபைல் சேவ் ஆக ஐந்து இடத்தில் சரி என்று சொல்ல வேண்டும்: டிஸ்க் எழுதும் நிலையில் மவுண்ட் ஆகியிருக்க (ரவுட்டரோடு இணைந்து திறந்திருக்க) வேண்டும், ஃபைல் சிஸ்டம் (டிஸ்க் ஃபார்மேட் ஆகியிருக்கும் முறை) ஒத்துவர வேண்டும், ஃபைலின் உரிமையாளர் எண் பொருந்த வேண்டும், டிஸ்க்கை நெட்வொர்க்கில் பகிரும் சாம்பா மென்பொருள் விட வேண்டும், கடைசியில் விண்டோஸ் சரியான பெயரில் போய் நிற்க வேண்டும். எந்த இடம் தடுத்தாலும் திரையில் கிட்டத்தட்ட ஒரே செய்திதான் வரும். மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் கீழே மோட்டாரைத்தானே பார்ப்போம்? அதுபோல டிஸ்க்கிலிருந்தே தொடங்குங்கள்.

முதலில் டிஸ்க்

ரவுட்டருக்குள் எஸ்எஸ்எச் (கட்டளை அடிக்கும் இணைப்பு) வழியாகப் போய் மவுண்ட் என்று மட்டும் அடியுங்கள். உங்கள் டிஸ்க் இருக்கும் வரியில், அடைப்புக்குள் ஆர்டபிள்யூ என்று இருந்தால் எழுதலாம். ஆர்ஓ என்று இருந்தால் படிக்க மட்டும்தான், 777 போட்டாலும் 7777 போட்டாலும் ஒன்றும் நடக்காது. அனுமதிப் பிரச்சினை என்று எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் கூப்பிடுவதில் பெரும்பாலானவை இங்கேயே முடிந்துவிடுகின்றன.

ஆர்ஓ ஏன் ஆகிறது? விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்காக இருந்தால், விண்டோஸ் மெஷினில் செருகி 'சேஃப்லி ரிமூவ்' கொடுக்காமல் பிடுங்கியிருப்பார்கள். விண்டோஸ் 8-லிருந்து வரும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியும் ஒரு காரணம். அது இயங்கும் மெஷின் ஷட்டவுன் ஆனாலும் முழுதாக அணைவதில்லை. செருகியபடியே ஷட்டவுன் செய்து டிஸ்க்கை எடுத்துவந்தால் சில கணக்குகள் முடியாமல் நிற்கும். அதைப் பார்த்த ரவுட்டர், கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று படிக்க மட்டும் திறக்கிறது. ரவுட்டரின் பதிவுகளைக் காட்டும் டிமெஸ்ஜி (dmesg) அல்லது லாக்ரீட் கட்டளையில் இந்தக் காரணம் தெளிவாகவே எழுதியிருக்கும். தீர்வு, டிஸ்க்கை விண்டோஸில் செருகி செக்டிஸ்க் (chkdsk) கட்டளையை /எஃப் சேர்த்து ஓட்டுவது. லினக்ஸில் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்று ஒன்று உண்டு. அது சின்னச் சின்னக் கோளாறைத்தான் சரிசெய்யும், செக்டிஸ்க்குக்கு மாற்று இல்லை.

லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கும் கோளாறு கண்டால் தானாக ஆர்ஓவுக்கு மாறலாம். அப்போது மவுண்டை எடுத்துவிட்டு இ2எஃப்எஸ்சிகே ஓட்டுங்கள். மவுண்ட் ஆகியிருக்கும்போது ஓட்டவே கூடாது.

இது அடிக்கடி வருகிறது என்றால் மின்சாரத்தைப் பாருங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் தரவேண்டிய அளவு 500 மில்லிஆம்பியர், 3.0 என்றால் 900. சுழலும் டிஸ்க் கிளம்பும் நேரத்தில் அதற்கு மேல் கேட்கும். பழைய ரவுட்டரில் டிஸ்க் விழுந்து விழுந்து எழும், டிமெஸ்ஜியில் டிஸ்கனெக்ட் என்று வரிசையாக வரும். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் வாங்குவதுதான் வழி. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில், காலையில் கடையைத் திறந்ததும் டிஸ்க்கை மவுண்டிலிருந்து எடுத்துவிடுவேன். கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் ரவுட்டரை அதில் சேர்ப்பதில்லை, சேருங்கள்.

777 ஏன் ஒட்டுவதில்லை

ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் லினக்ஸ் முறையில் இந்த ஃபைல் யாருடையது என்று எழுதிவைக்க இடமே கிடையாது. ரவுட்டர் மவுண்ட் செய்யும்போது மொத்த டிஸ்க்குக்கும் ஒரே பெயர், ஒரே அனுமதி என்று பாவித்துக்கொள்ளும். பெரும்பாலும் அது ரூட்டின் (முழு அதிகாரம் உள்ள பயனரின்) பெயராக இருக்கும். மற்றவர்கள் படிக்கலாம், எழுத முடியாது. அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளையை அடித்தால் பிழை வரும், அல்லது வாய்மூடி ஏற்றுக்கொண்டு எதையும் மாற்றாது. என்டிஎஃப்எஸ்ஸிலும் சாதாரண அமைப்பில் நடைமுறை இதுதான்.

ஆகவே இந்த டிஸ்க்குகளுக்கு அனுமதியை மவுண்ட் விருப்பங்களில்தான் கொடுக்க வேண்டும். லூசியில் (பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் அமைப்புப் பக்கம்) சிஸ்டம், மவுண்ட் பாயிண்ட்ஸ் போய், உங்கள் டிஸ்க்கின் விருப்பங்களில் யுஐடி=1000, ஜிஐடி=1000, எஃப்மாஸ்க்=0113, டிமாஸ்க்=0002 என்று கமா போட்டுச் சேருங்கள். மாஸ்க் என்பது 777-இலிருந்து கழிக்கும் கணக்கு: ஃபைலுக்கு 664, ஃபோல்டருக்கு 775 மிஞ்சும். அதாவது உரிமையாளரும் குழுவும் எழுதலாம், மற்றவர்கள் எழுத முடியாது. பிறகு மவுண்டை எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும்.

அந்த 1000 எங்கிருந்து வந்தது? உபுண்டு, மின்ட் போன்றவற்றில் முதலில் உருவாக்கும் பயனருக்கு விழும் எண் அது. ஃபைல் சிஸ்டம் உரிமையாளரின் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. மின்டில் ஃபார்மேட் செய்து பழைய டிசைனையெல்லாம் ஏற்றிய இஎக்ஸ்டி4 டிஸ்க்கை ரவுட்டரில் செருகினால், ஃபைலெல்லாம் 1000 என்ற எண்ணுக்குச் சொந்தம். ரவுட்டரில் அந்த எண்ணில் ஆளே இல்லை. சாம்பா வழியாகப் பெயர் சொல்லாமல் வருகிறவர்கள் நோபடி, ஓப்பன்டபிள்யூஆர்டியில் 65534. எண் வேறு, கதவு அடைப்பு.

இதற்கு நான் செய்வது, ரவுட்டரிலும் 1000 என்ற எண்ணில் ஒரு பயனரையும் அதே எண்ணில் ஒரு குழுவையும் உருவாக்குவது. எங்கள் கடையில் அந்தப் பயனரின் பெயரே 'கடை' (kadai). ஷேடோ-யூசர்ஆட், ஷேடோ-குரூப்ஆட் தொகுப்புகளை நிறுவினால் இது எளிது. இனி டிஸ்க்கை ரவுட்டரில் வைத்தாலும், கழற்றி நேரடியாக மின்டில் செருகினாலும் உரிமையாளர் மாறுவதில்லை.

பழைய ஃபைல்களை ஒரே தடவையில் சரிசெய்ய, டிஸ்க்கின் ஃபோல்டரில் உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளையைப் பெரிய ஆர் (-R) சேர்த்து 1000:1000 என்று ஓட்டுங்கள். அதன்பின் சிஎச்மோட், அதற்கும் பெரிய ஆர். எண்ணைப் போட்டு மொத்தத்துக்கும் ஓட்டாதீர்கள். ஃபோல்டருக்குள் நுழைவதற்கே எக்ஸ் அனுமதி வேண்டும். எல்லாவற்றுக்கும் 664 போட்டால் ஃபோல்டர்களின் எக்ஸும் போய், உள்ளே இருப்பதன் பெயர் தெரியும், எதுவும் திறக்காது. யு=ஆர்டபிள்யூஎக்ஸ், ஜி=ஆர்டபிள்யூஎக்ஸ், ஓ=ஆர்எக்ஸ் என்று எழுதி, எக்ஸை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள். பெரிய எக்ஸ் ஃபோல்டருக்கும், ஏற்கெனவே அந்த அனுமதி உள்ள ஃபைலுக்கும் மட்டும்தான் போகும்.

இதையெல்லாம் டிஸ்க் மவுண்ட் ஆனபிறகு செய்யுங்கள். மவுண்ட் ஆகாத நேரத்தில் அதே ஃபோல்டர் காலியாக ரவுட்டரின் சொந்த நினைவகத்தில் இருக்கும். அதற்குக் கொடுத்த அனுமதி, டிஸ்க் வந்து உட்கார்ந்ததும் மறைந்துவிடும். இன்னொரு விபரீதமும் உண்டு: டிஸ்க் விழுந்தது தெரியாமல் யாராவது ஃபைலைப் போட்டால், சில மெகாபைட் மட்டுமே உள்ள அந்த நினைவகம் நிறைந்து ரவுட்டரே திணறும்.

777-இன் ஆபத்து இப்போது புரியும். ஒரு ஃபைலை அழிக்க அந்த ஃபைலின் அனுமதி பார்க்கப்படுவதில்லை, ஃபோல்டரில் எழுதும் அனுமதி இருந்தால் போதும். நெட்வொர்க் டிஸ்க்கில் விண்டோஸிலிருந்து டெலிட் செய்தால் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. எங்கள் கடை வைஃபை பாஸ்வேர்டு எதிர் டீக்கடை வரைக்கும் தெரியும். விருந்தினராக வருகிற எவருக்கும் அங்கே எழுதும் அனுமதி கொடுப்பது வேண்டாத வேலை.

சாம்பா

சாம்பாவில் எதுவும் சொல்லாமல் விட்டால் பகிர்வு படிக்க மட்டும்தான். லூசியில் நெட்வொர்க் ஷேர்ஸ் பக்கத்தில் 'ரீட்-ஒன்லி' டிக்கை எடுங்கள், 'அலோ கெஸ்ட்ஸ்' டிக்கையும் எடுங்கள், அனுமதி உள்ள பயனர் இடத்தில் கடை என்று எழுதுங்கள். கிரியேட் மாஸ்க் 0664, டைரக்டரி மாஸ்க் 0775. இங்கே மாஸ்க் கழிக்கும் கணக்கில்லை, விடும் கணக்கு. மவுண்டில் உள்ளதற்கு நேர் எதிர், குழம்ப வேண்டாம். 'ஃபோர்ஸ் ரூட்' என்று ஒரு டிக் இருக்கும். அது எல்லாரையும் ரூட்டாக்கிவிடும், 777-ஐவிட மோசம்.

அப்புறம் எஸ்எம்பிபாஸ்வேர்டு (smbpasswd) கட்டளையில் -ஏ சேர்த்து கடை பயனருக்குத் தனியாகக் கடவுச்சொல் வையுங்கள். ரவுட்டர் பயனருக்கு வைத்தது சாம்பாவுக்குச் செல்லாது.

வாடிக்கையாளருக்கு மாடல் காட்ட ஒரு ஃபோல்டர் வேண்டுமென்றால், அந்த ஃபோல்டரை மட்டும் இன்னொரு பெயரில் பகிர்ந்து, விருந்தினர் வரலாம் ஆனால் படிக்க மட்டும் என்று விடலாம்.

விண்டோஸ்

மற்ற எல்லாம் சரி, ஒரு மெஷினில் மட்டும் தகராறு என்றால் அந்த விண்டோஸ் பழைய பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் போக விண்டோஸ் விடாது. 1219 என்ற பிழை எண் வந்தால் இதுதான். நெட் யூஸ் * /டெலிட் அடித்து, கிரெடென்ஷியல் மேனேஜரில் ரவுட்டரின் பழைய பதிவை நீக்கிவிட்டு, கடை என்ற பெயரில் நுழையுங்கள்.

பழைய ரவுட்டர்கள், ஃபைல் பகிர்வு மொழியின் பழைய வடிவமான எஸ்எம்பி1 மட்டும்தான் பேசும். விண்டோஸ் 10-இல் 2017-இல் வந்த 1709 பதிப்பிலிருந்து அது இயல்பாக வருவதில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற கெடுமென்பொருள் பரவியது எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான், எனவே அதைத் திரும்ப இயக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். 2024-இன் விண்டோஸ் 11 24எச்2 ப்ரோவில் விருந்தினராக நுழைவதும் இயல்பாக அடைபட்டிருக்கும். பயனர் பெயர் வைத்தால் அந்தத் தலைவலி இல்லை.

ஃபேட்32 டிஸ்க்கில் 4 ஜிபியைத் தாண்டிய ஃபைல் ஏறாது. அதற்கு அனுமதி காரணமில்லை. கல்யாண வீடியோ வைப்பவர்கள் இதில்தான் முட்டுவார்கள். டிஸ்க் நிரந்தரமாக ரவுட்டரிலேயே இருக்கப்போகிறது என்றால் இஎக்ஸ்டி4-க்கு மாறிவிடுங்கள், அதற்கு முன் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டு. விண்டோஸில் நேரடியாகச் செருகினால் திறக்காது, அந்த ஒரு குறைதான்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு மெஷினிலிருந்தும் ஒரு ஃபைலை உருவாக்கி, வேறொரு மெஷினிலிருந்து அதைத் திருத்தி, மூன்றாவதிலிருந்து அழித்துப் பாருங்கள். பிறகு ரவுட்டரின் சுவிட்சை அணைத்துப் போட்டு மறுபடி அதே சோதனை. இரண்டாவது சோதனையில் மட்டும் தோற்றால், டிஸ்க் எஸ்டிஏ1 என்ற பெயருக்குப் பதில் எஸ்டிபி1 என்று எழுந்திருக்கும். மவுண்ட் பாயிண்ட்ஸ் பக்கத்தில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, டிஸ்க்கின் யுயுஐடியை (மாறாத அடையாள எண்ணை) தேர்ந்தெடுங்கள்.